முதலாம் ஆள் கிறேஸ்

நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியைப் பற்றி எழுத வரும் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள். ஒரு சதுரக் கிலோமீற்றருக்குள் இத்தனை ஆயிரம் பேர், பாதிக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள், வருமானம் குறைவு, வீடுகள் நெருக்கம். கூடவே பஸ் தரிப்பிடத்தில் பையோடு நிற்கும் ஒரு அம்மாவின் படம். பார்த்தால் அந்த அம்மாவுக்காக நாங்கள் எல்லோரும் சேர்ந்து அழவேண்டும்போல இருக்கும். எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவராவது கேட்டதில்லை.

என் மேல் வீட்டுக் கிறேஸ் அக்காவின் பைக்குள் இருப்பது சோற்றுப் பார்சல். மன்னார், பேசாலைக்காரி. வயது அறுபத்திரண்டு. கணவர் கிறகரி ஸ்பொன்சர் செய்து எடுப்பித்து இங்கே வந்து, சபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் பதினாலு வருடம் ஜீன்ஸ் தைத்தார். ஒரு மாசி மாதம் கிறகரி அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அடுத்த மாசிக்குள் தொழிற்சாலையும் மூடிவிட்டது. மகன் டினோஜன் அப்போது பள்ளிக்கூடத்தில். ஆறுதல் சொல்ல வந்த தேவாலயப் பங்கு மக்களுக்கு அக்கா சமைத்துப் போட்டார். சாப்பிட்டவர்களில் ஒருவர், வேலைக்குக் கொண்டுபோக இன்னொரு பார்சல் கிடைக்குமா என்று வெட்கத்தோடு கேட்டார். தொழில் அங்கேதான் தொடங்கியது.

இப்போது காலை ஐந்து மணிக்கு என் தலைக்கு மேல் தேங்காய் துருவும் சத்தம் கேட்கும். மத்தியானம் அக்கா ட்ரொலியை இழுத்துக்கொண்டு அக்காடி மெட்ரோ வாசலில் போய் நிற்பார். சென்ட் லோரன்ட் தொழிற்சாலைகளுக்குப் பின்னேர வேலைக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். வெள்ளிக்கிழமையில் மீனும் மரக்கறியும் மட்டும். பஞ்சாபிப் பெடியன்களுக்குச் சோறு குறைத்து ரொட்டி. எங்கள் கட்டடத்து வங்காளிக் குடும்பத்துக்கு மீன் தலை. ஹெயிட்டிக்காரத் தாதி ஒருத்திக்கு எங்களைவிட உறைப்பு வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரான கிரேக்கக் கிழவருக்கு உறைப்பே ஆகாது. யார் எந்த நாடு, எத்தனை பிள்ளை, யாருக்கு வேலை போய்விட்டது, யாருக்குக் கல்யாணம் சரிவந்திருக்கிறது, எல்லாம் அக்காவுக்குத் தெரியும். அரசாங்கம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கை அவர் தினமும் எடுத்துக்கொண்டிருந்தார்.

போன வருடக் கடைசியில், மனைவி பிள்ளையோடு அம்மா வீட்டிலேயே இருந்த டினோஜன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் வீடு வாங்கினான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். யூலை முதலாம் திகதி குடிபோவதாகத் திட்டம். அம்மாவுக்கு நிலக்கீழ் அறை. குழந்தைக்குக் கார்டெரி என்கிற பகல் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை, அதனால் அம்மா பார்ப்பா. இதெல்லாம் அவனே முடிவு செய்தது. பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும், "கிறேஸ் அக்கா, குடுத்து வைச்சனீங்கள்" என்று கையைப் பிடிப்பார்களாம். அக்கா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டினோஜன் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டான். எங்கள் வீடுகளில் அம்மாக்கள் பேசாமல் இருந்தால் நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். என் அம்மா விடயத்தில் நானும் அதே ஆள்தான்.

மார்ச் மாதம் ஒருநாள், குழம்புச் சட்டியைத் திருப்பி வாங்க அக்கா என் கதவடிக்கு வந்தார். கட்டடத்தில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் நிரப்பிக் கொடுப்பவன் நான்தான்.

"தம்பி ரதீசன், வீட்டுக்காரனுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லாட்டி என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது அக்கா. லீஸ் தானா இன்னொரு வருசத்துக்கு நீளும். விடுறதெண்டாத்தான் இந்த மாசம் முடியிறதுக்குள்ள எழுதிக் குடுக்கோணும்."

"அப்பிடியோ," என்றார். "சட்டியை வடிவாக் கழுவியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

மே மாதம் குடிசனக் கணக்கெடுப்பு வந்தது. எங்கள் கட்டடத்தில், வேலை விபரமெல்லாம் கேட்கும் நீளப் படிவம் கிறேஸ் அக்கா வீட்டுக்குத்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். டினோஜன் மேசையில் கணினியை விரித்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி அஜிதா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அடுப்படியில்.

"என்னடா எழுதுறாய்?" அக்கா திரும்பாமலே கேட்டார்.

"வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு. முதலாம் ஆள் நான், இரண்டாம் ஆள் அஜிதா, மூண்டாம் ஆள் பிள்ளை. நாலாம் ஆள் நீங்கள்."

"லீஸ் ஆற்றை பேரில?"

"உங்கடை பேரிலதான். அம்மா, முதலாம் ஆளா ஆரையும் போடலாம். அது முக்கியமில்லை."

"முக்கியமில்லையெண்டா என்னைப் போடு."

டினோஜன் சிரித்தான். பகிடி என்று நினைத்துவிட்டான். நானும் மீன் துண்டை எடுத்தபடி சிரித்துத் தொலைத்தேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் வைத்தபடியே மேசைக்கு வந்தார்.

"எனக்கு என்ன வேலை எண்டு போட்டிருக்கிறாய்?"

அவன் திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பினான். போன கிழமை எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்ற கேள்விக்குப் பூச்சியம் போட்டிருந்தான்.

"அம்மா, வீட்டில சமைக்கிறதை என்னண்டு வேலை எண்டு..."

"ஏன்ரா, ஐஞ்சு மணிக்கு எழும்புறது ஊர் விடுப்புப் பாக்கவோ? உன்னைப் படிப்பிச்சது எது? அந்தப் பூச்சியமோ? வருசா வருசம் டாக்ஸ் பத்திரம் நிரப்புறது ஆர் எண்டு இந்தத் தம்பியைக் கேள்."

"ஓம், நான்தான் நிரப்பிறனான்," என்றேன். வாயில் முள் இருந்தது.

"சரி அம்மா, கோவிக்காதேங்கோ. இன்னும் ஆறு கிழமைதானே. பேந்து நீங்கள் ஆறுதலா இருக்கலாம்." அவன் குரலில் பாசம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா கரண்டியை மேசையில் வைத்தார். முன்னறைக்குப் போய், மடு மாதா படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பின்னால் செருகியிருந்த கடித உறையை எடுத்துக்கொண்டு வந்தார். அதை டினோஜனின் கணினி மேல் போட்டார். வீட்டை விடுகிறோம் என்று வீட்டுக்காரருக்கு அவனே பிரெஞ்சில் எழுதி, அம்மாவிடம், கையெழுத்து வைத்துப் பாமசிக்குள் இருக்கும் தபால் கவுண்டரில் பதிவுத் தபாலாகப் போடச் சொல்லிக் கொடுத்த கடிதம். உறை ஒட்டவும் இல்லை. உள்ளே கையெழுத்தும் இல்லை.

டினோஜன் கடிதத்தை வெளியே எடுத்துப் பார்த்தான். "நீங்கள் போடேல்லையோ?"

"போடேல்லை. லீஸ் நீண்டிட்டுது. அடுத்த யூன் முடியுமட்டும் இந்த வீடு என்ரை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே?"

அவன் கடிதத்தை மடித்து உறைக்குள் திருப்பிச் செருகினான். பிறகு அவன் மெல்ல, "தாயைத் தனிய விட்டிட்டுப் போட்டான் எண்டு சனம் கதைக்கும் அம்மா," என்றான்.

"கதைக்கட்டும். கதைக்கிற ஆக்களில பாதிப்பேர் என்ர பார்சலைத்தான் சாப்பிடினம். மோனை, நீ வீடு வாங்கினது எனக்குப் பெருமைதான். சந்தோசமாப் போ. பிள்ளையைக் கிழமையில ஒரு நாள் நான் வந்து பாப்பன். எந்த நாள் எண்டு நான் சொல்லுவன். ஆனா முப்பத்தொரு வருசமா இந்த வீட்டுத் திறப்பு என்ர கையில இருக்குது. நிலத்துக்குக் கீழ போறதுக்கு எனக்கு இன்னும் காலம் கிடக்கு."

அஜிதா குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "மாமியை முதலாம் ஆளாப் போடுங்கோ," என்றாள். அவளுக்கும் ஒரு வீடு தன் கையில் வேண்டியிருந்திருக்கும். அதை அவளும் இதுவரை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

டினோஜன் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டான். கண்ணைத் துடைத்தானோ தெரியாது, முதுகுதான் தெரிந்தது. அக்கா அவன் கதிரையில் உட்கார்ந்து கணினியை என் பக்கம் தள்ளினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். முதலாம் ஆள், கிறேஸ். போன கிழமை வேலை செய்த நேரம், ஐம்பத்தாறு மணி. தொழில் என்ற இடத்தில் சமையல்காரி, சொந்தத் தொழில் என்று பிரெஞ்சில் அடித்தேன். அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

இன்னும் ஐந்து வருடத்தில் அடுத்த கணக்கு வரும்போது, தனியாக வாழும் வயது போன பெண்கள் என்று ஒரு வரியில் அக்காவும் இருப்பார். பத்திரிகைக்காரர் யாராவது அந்த வரிக்கு இரக்கப்பட்டு எழுதுவார். எழுதட்டும்.

யூலை முதலாம் திகதி இந்த நகரத்தில் பாதிப்பேர் வீடு மாறுகிற நாள். எங்கள் தெரு முழுக்க மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் லொறியும். டினோஜன் கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டு மேலே போய், வெகுநேரம் கழித்து இறங்கினான். போகும்போது என் கையைப் பிடித்து, "அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை," என்றான். சரி என்றேன். யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

லொறி தெரு முடக்கால் திரும்பிப் பத்து நிமிடம் இருக்காது, கிறேஸ் அக்கா ட்ரொலியோடு படியிறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. தலை வாரி, நல்ல சட்டை போட்டிருந்தார். எதிர்வீட்டு அல்போன்சம்மா தன் சாமான்களுக்கு நடுவே நின்று ட்ரொலியைப் பார்த்தார்.

"என்ன கிறேஸ், நீங்களும் மாறுறியளோ? எங்கை போறியள்?"

"நானோ?" என்றார் அக்கா, நிற்காமலே. "நான் மீன் வாங்கப் போறன்."