பேரைக் குடுத்தவருக்குப் பொயின்ற்ஸ் இல்லை

பிள்ளைகள் வெளிநாட்டில் பறந்து பறந்து விமானக் கம்பனிகளிடம் சேர்த்த பொயின்ற்ஸில் பெற்றோரைப் பிளேன் ஏற்றி அனுப்புவது இருக்கிறதே, அது காசுக்கு ரிக்கற் விற்பதைவிட நெஞ்சிடிக்கிற வேலை. சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில், காலி வீதியோரம் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்ன ரிக்கற் கந்தோரில் நான் அதைத்தான் செய்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட எனக்குத் தொழில் பழக்கியவர் முதலாளி நியாஸ் நானா. கவலைப்பட மட்டும் யாரும் பழக்கத் தேவைப்படவில்லை. நீங்களும் ஒரு பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு ரெலிபோனடியில் இருந்தவர் என்றால் மிச்சக் கதை உங்களுக்கு விளங்கும்.

சும்மா கிடைத்த ரிக்கற்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா வந்தார். லண்டனில் இருக்கிற மகள் தன் பொயின்ற்ஸில் தாய்க்கு இடம் எடுத்திருந்தாள். காசு கட்டாத ரிக்கற் என்றதும் அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. நான் எவ்வளவு விளக்கியும் அவர் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. எழும்பிப் போனவர் படியில் பாதி இறங்கிவிட்டுத் திரும்பி வந்து, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்து கேட்டார்: “சும்மா வாற ஆக்களெண்டு சாப்பாடு தராமல் விட்டிடுவினமோ பிள்ளை? நான் எதுக்கும் புட்டுக் கட்டிக்கொண்டு போறன்.”

பகல் பிளேன்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் போன் எடுத்து, “அக்கா, எந்தக் கம்பனிப் பொயின்ற்ஸை உடைக்கிறது?” என்றுதான் கேட்பார்கள், உண்டியலை உடைப்பது மாதிரி. எதில் பொயின்ற்ஸ் குறைவாகச் செலவாகும், எதில் சுற்று இல்லாமல் போகலாம் என்று அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். இங்கே இருக்கிற பெற்றோருக்கு அந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்பது ஒன்றுதான் கேள்வி.

பொயின்ற்ஸுக்குத் தாராளமாகக் கிடைப்பதெல்லாம் விடியப்புறம் போகிற பிளேன். அதற்கு இருட்டில் வாடகை வான் பிடித்து, கட்டுநாயக்கா எயார்போட் வரைக்கும் ஒவ்வொரு ஆமிச் செக்கிங்கிலும் இறங்கி, யாழ்ப்பாண விலாசம் போட்ட ஐடென்ரிற்றி கார்ட்டை நீட்ட வேண்டும். பாமன்கடை ஐயா ஒருவருக்கு மத்தியானப் பிளேனில் இடம் இருந்தது. ஆனால் அதற்குப் பொயின்ற்ஸ் இரண்டு மடங்கு. மகன் சேர்த்தது முழுக்கக் கரைந்துவிடுமே என்று நான்தான் அந்தரப்பட்டேன். ஐயா பதறவில்லை. “பொயின்ற்ஸ் போனால் மகன் திரும்பச் சேர்ப்பான். நான் செக்கிங்கில போனால் ஆர் பிள்ளை சேர்க்கிறது?”

இந்தக் கந்தையா யார்?

தில்லையம்பலம் ஐயாவையும் மனைவி பரமேஸ்வரி அம்மாவையும் இன்றும் என்னால் மறக்க ஏலாது. மகன் ரொறன்ரோவில். விசா கிடைத்துவிட்டது, ஆனால் அது முடிய மூன்று கிழமைதான் இருந்தது. மகனிடம் இரண்டு விமானக் கம்பனிகளின் பொயின்ற்ஸ் இருந்தன. லண்டன் வழியாகப் போகிறதில் இரண்டு பேருக்கும் போதும். வளைகுடா வழியாகப் போகிறதில் ஒருவருக்குத்தான் காணும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, லண்டன் வழிதான் என்று சொல்லி ரிக்கற் கேட்டோம்.

அங்கேதான் இடித்தது. லண்டன் வழிப் பொயின்ற்ஸைக் குடும்பத்துக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம். மகனின் கடைசிப் பெயர் தில்லையம்பலம். அம்மாவின் கடைசிப் பெயரும் அதுவே. ஐயாவின் பாஸ்போட்டிலோ, நம் வழக்கப்படி, கடைசிப் பெயர் அவருடைய தகப்பன் பெயரான கந்தையா. தாயும் மகனும் சரி, இந்தக் கந்தையா யார் என்று விமானக் கந்தோரில் கேட்டார்கள். கலியாண எழுத்துப் பத்திரத்தைக் காட்டலாம் என்றால், அது யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வீட்டோடு போய்விட்டது. எடுத்துவரப் பாதையும் இல்லை. காசு கொடுத்து இன்னொரு ரிக்கற் வாங்க மகனுக்கு வழியில்லை. நான் விக்கி விக்கி விளக்கி முடித்ததும் ஐயா மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இவ்வளவு வருசமா இவ என்ர பேரைத்தான் வைச்சிருக்கிறா. இப்ப பேரை வைச்சிருக்கிறவ குடும்பம், பேரைக் குடுத்தவன் றோட்டால போறவனோ?”

ஒரு வான், இரண்டு பிளேன்

வேறு வழி இருக்கவில்லை. அம்மா லண்டன் வழி, ஐயா வளைகுடா வழி. ஒரே நாளில் போகிற மாதிரிப் பார்த்து எடுத்தேன். இடம் பெயர்ந்து ஓடிய நேரத்தில்கூட ஒருவர் கையை ஒருவர் விடாத ஆட்களாம், அம்மா சொன்னார். எனக்கு நித்திரை இல்லை. லண்டனில் அம்மா பிளேன் மாறத் தெரியாமல் நின்றால்? ஐயாவை வேறு எங்காவது ஏற்றிவிட்டால்? நானும் அவர்களோடு வானில் ஏறி எயார்போட்டுக்குப் போகிறேன் என்றதும் நியாஸ் நானா சிரித்தார். “நீங்க போய் என்ன செய்ற? பிளேன தள்ளவா போற?”

ஆனாலும் போனேன். கட்டுநாயக்காவில் பயணிகளை மட்டும் உள்ளே விடுகிற வாசலில் நின்றோம். கொதிக்கிற வெயில். ஐயா கம்பளி ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுக நின்றார். மகன் குளிர் என்று சொல்லிவிட்டானாம். அம்மாவுக்கு அழுகை வந்தது, அதைக் கோபமாக்கிக்கொண்டார். “கழட்டித் தாங்கோ, என்ர பெட்டிக்க வைக்கிறன். பாக்கிற சனம் சிரிக்கப் போகுது!” ஐயா பொத்தானை இன்னும் மேலே பூட்டினார். “நீ உன்ர பிளேனைப் பார்.”

பெட்டிகள் சுற்றுகிற இடம்

அடுத்த நாள் மகன் ரொறன்ரோவிலிருந்து கந்தோருக்குப் போன் எடுத்தான். ஐயாவின் பிளேன் முதலில் இறங்கிவிட்டது. வந்த சனமெல்லாம் வெளியே வந்தது, ஐயா மட்டும் வரவில்லை. மகன் வாசலில் நின்று பதறிப்போய் ஆளனுப்பிக் கேட்டிருக்கிறான். உள்ளே வேலை செய்கிற தமிழ்ப் பொடியன் ஒருவன் தேடிப் போக, பெட்டிகள் சுற்றி வருகிற பெல்ட்டடியில் ஐயா தன் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்வெற்றரைக் கழுத்துவரை பூட்டியபடியே குந்தியிருந்தாராம். பரமேஸ்வரி அம்மாவின் பிளேன் வர இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. மகன் வெளியே நிற்கிறார், வாருங்கள் என்று பொடியன் கூப்பிட, ஐயா அசையவில்லையாம். “வெளியில குளிரெல்லே தம்பி. என்ர ஸ்வெற்றர் மனிசியின்ர பெட்டிக்க கிடக்கு. அவ வரட்டும்.”

எந்தக் கம்பனியின் பொயின்ற்ஸை உடைப்பது என்று இன்றும் என்னைக் கேட்கிறவர்களுக்கு, குறைவாகச் செலவாகிறதை விட்டுவிட்டு, இரண்டு பேரையும் ஒரே பெல்ட்டடியில் இறக்கிவிடுகிறதை உடையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.