ஜல்லி லாரிக்குப் பின்னால்

என் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் புலிக்கும் பயப்படாதவர் என்று பெருமையடிக்க முடியாது. அந்தமானில் புலி கிடையாது. கடலுக்குப் பயப்படவில்லை, காட்டுக்குப் பயப்படவில்லை. ஒரு காரின் பெயிண்டுக்குப் பயந்து பாதி ஆளாக இளைத்துப் போனார்.

அறுபத்திரண்டில் பெரிய சாப்புக்கென்று, அதாவது இவர் ஆபீசின் பெரிய அதிகாரிக்கென்று, மெயின்லாண்டிலிருந்து புது அம்பாசிடர் வந்தது. கறுப்பு நிறம். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. அதற்கு டிரைவர் இவர்தான் என்றதும் நானும் அக்கம்பக்கத்தில் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஆனால் சாப் லேசுப்பட்டவர் இல்லை. முன்பு அவருடைய ஜீப்பை ஓட்டிய குழந்தைவேலு மட்கார்டை ஒரு மரத்தில் உரசிவிட்டார். அடுத்த கப்பலிலேயே மனுஷன் பெட்டி படுக்கையோடு மெட்ராசுக்குப் போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு மெட்ராசில் யார் இருக்கிறார்கள்? ராமநாதபுரம் பக்கம் இருந்த துண்டு நிலத்தை விற்றுவிட்டுத்தான் இங்கே வந்தோம். இவர் வேலையும் டெம்பரரி. அது போனால் டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸும் போகும். அப்போது நான் முழுகாமல் வேறு இருந்தேன்.

புரோத்ராபூர் பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம். ஜல்லி லாரிகள் ஓயாமல் ஓடும். ஒரு நாள் காலி வண்டியோடு அப்படி ஒரு லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார். லாரிச் சக்கரம் கல்லை வாரி அடித்தது. பானட்டில் மிளகளவு பெயிண்ட் பெயர்ந்து தகரம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"வண்டியில கல் பட்டுடுச்சு அலமு. சாப்புக்கு மாலூம் ஆச்சுன்னா நம்ம கதை கதம்."

"மிளகளவுதானேங்க?"

"இந்த ஊரு உப்புக் காத்துல மிளகு பூசணி ஆயிடும்டி. தகரம் துரு பிடிச்சா, அது பெயிண்டுக்கு அடியிலயே ஊர்ந்து போகும்."

அந்த இடத்தை நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, மெழுகுவர்த்தியைத் தேய்த்து மூடினார். அதோடு விட்டிருக்கலாம். பயந்த மனுஷனுக்குப் புத்தி ஓர் இடத்தில் நிற்குமா? படகுத்துறையில் வேலை பார்த்த மணியனிடம் கெஞ்சி, படகுக்குப் போர்த்தும் பழைய கித்தான் ஒன்றை வாங்கி வந்தார். எங்கள் தீவில் எதற்கெடுத்தாலும் கித்தான்தான். கூரை ஒழுகினால் கித்தான், மூட்டை நனைந்தால் கித்தான். சாப் ஏறாத நேரமெல்லாம் அதைக் காரின் மூக்கில் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார். கல் வந்தால் துணியில் படட்டும் என்பது அவர் கணக்கு.

கொஞ்ச நாள் கழித்து, வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது மூக்கு முழுக்க மினுமினுப்பு போய்ச் சாம்பல் பூத்துக் கிடந்தது. "ஐயோ!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஒர்க்ஷாப் மிஸ்திரி சிவஞானம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், கடல்ல கெடந்த கித்தான்யா இது! உள்ள அம்புட்டும் மணலு. வண்டி குலுங்கக் குலுங்க உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்கு. ஈரம் வேற உள்ளயே நின்னுருக்கு. கல்லுக்குப் பயந்தா லாரிகிட்டப் போகாத. வேற மருந்து கிடையாது."

மிஸ்திரி கை வைப்பதற்குள் சாப் பார்த்துவிட்டார். மரைன் ஹில் பங்களா வாசலில் காரைச் சுற்றி வந்து, விரலால் ஒரு தரம் தடவினார். கத்தவில்லை. "ஏக் அவுர் தாக் லகா, தோ தும் ஜஹாஜ் பர்" என்றார். இன்னும் ஒரே ஒரு வடு, நீ கப்பலில். அவ்வளவுதான்.

மூக்குக்கு மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். ஆனால் இவர் பழைய ஆளாகத் திரும்பவே இல்லை. சொந்தச் சக்கரமே கல்லை வாரி வண்டிமேல் அடிக்காதபடி, பழைய டயரை அறுத்துச் சக்கரங்களுக்குப் பின்னால் தொங்கவிட்டார். எதிரே லாரி வந்தால் ஓரங்கட்டி, தூசி அடங்கும்வரை நிற்பார். வண்டியில் ஓர் உப்புப் பொட்டு தங்கக் கூடாதென்று தினம் நல்ல தண்ணீரில் கழுவுவார். கோடையில் குழாயில் சொட்டுக்கூட வராது. பிள்ளைத்தாய்ச்சி நான் அரை வாளியில் குளித்தேன், அந்தச் சீமாட்டி முழு வாளியில் குளித்தாள். எனக்கு எரியாதா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் துணியைப் பிழிந்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அதைப் பார்த்ததும் என் வாய் தானாக அடங்கிவிட்டது. அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. துறைப் பக்கம் கப்பல் சங்கு ஊதினாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

எனக்கு வலி எடுத்த அன்று சாப் லாஞ்சில் வடக்கே ரங்கத் ஊருக்கு டூர் போயிருந்தார். அவரைத் துறையில் விட்டுவிட்டு, வண்டியை ஷெட்டில் நிறுத்தப் போகும் வழியில் இவர் என்னை எட்டிப் பார்க்க வந்தார். பக்கத்து வீட்டுச் சுப்பம்மாள் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைதிகள் காலத்திலிருந்து இங்கேயே வேரூன்றிய குடும்பம். எத்தனையோ பிரசவம் பார்த்தவள். அவள் முகமே வெளிறிவிட்டது.

"புள்ள குறுக்க கெடக்கு. என் கையில இல்ல. ஜல்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ!"

அவர் என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற காரைப் பார்த்தார். "ஏதாச்சும் ஜீப் வருதான்னு..." என்று இழுத்தார். சுப்பம்மாள் அவரைப் பிடித்துத் தள்ளாத குறைதான்.

கிளம்பினோம். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் ஒரு ஜல்லி லாரி. ரோடோ ஒற்றை வண்டி அகலம். கல் தெறித்துக்கொண்டே போனது. வழக்கம்போல் இவர் கால் பிரேக்குக்குப் போனது. வண்டி ஊர்ந்தது. எனக்குக் கண் இருட்டியது.

"அடப் பாவி மனுஷா! உன் காரை நீ அடைகாத்துக்கிட்டு இரு! நானும் எம்புள்ளயும் இங்கயே சாகுறோம்!"

அதுவரை அவரை நான் 'நீ' என்று சொன்னதே இல்லை.

ஹாரனை அழுத்திப் பிடித்தார், வேகத்தை மிதித்தார். லாரிக்காரனுக்கு எங்கே கேட்டது? அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனோம். பானட்டில் டப், டப் என்று கல் விழுந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் "முருகா" என்றார். அவர் கப்பலுக்குப் பயந்தார், நான் பிள்ளைக்குப் பயந்தேன். பின் சீட்டில் கிடந்தபடி அவர் பிடரியில் வேர்வை வழிவதைப் பார்த்தேன். ஆனால் மிதித்த காலை மட்டும் எடுக்கவில்லை.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. பூங்கோதை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டரம்மா அவரைத்தான் திட்டினாராம்.

சாப் திரும்பி வந்த அன்று இவர் காரைத் துறைக்குக் கொண்டுபோனார். மெழுகும் தேய்க்கவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. பானட்டு முழுக்க அம்மைத் தழும்பு. சாப் வாயைத் திறப்பதற்கு முன்பே நடந்ததையெல்லாம் தெரிந்த இந்தியில் கொட்டிவிட்டார். சாப் ஒவ்வொரு தழும்பாகத் தடவிப் பார்த்தார். பிறகு, "லட்கா?" என்று கேட்டார், ஆண் குழந்தையா என்று.

"லட்கி, சாப்."

சாப் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். கப்பலைப் பற்றிப் பேசவில்லை. நாளையிலிருந்து தண்ணீர் லாரி ஓட்டு என்றார். அது சண்டைக் காலத்து மிலிட்டரி லாரி; பெயிண்ட் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை, மோதாத இடமும் இல்லை.

நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு என் கட்டிலை ஒட்டிக் கீழே துண்டை விரித்துப் படுத்தார். பட்டப்பகல். பிள்ளை வீரிட்டு அழுதது, நர்ஸ் அதட்டினாள், யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அவர் அசையவே இல்லை. எனக்குத் திக்கென்றது. தையல் வலியோடு குனிந்து, மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். சீராக வந்தது; அந்தக் கார் வந்த நாளிலிருந்து அவர் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.