கொட்டாஞ்சேனைக்கு ஏழு தேங்காயுடன்

போன ஆவணியில் இரண்டு கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு லண்டனிலிருந்து கொழும்புக்குப் போனேன். சண்டை திரும்பவும் மூண்டு, வடக்குக்குப் போகும் பாதை பூட்டிக் கிடக்கிற காலம். "இந்த நேரத்திலை அங்கை என்ன அலுவல்?" என்று கேட்காத ஆள் இல்லை. பெரியம்மாவின் மகனைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். அது அரைவாசி உண்மை. அவரோடு நேரில் சண்டை பிடிக்கப் போனேன் என்பதுதான் மிச்சம்.

அண்ணா சோவியத் காலத்தில் மொஸ்கோவில் எஞ்சினியரிங் படித்தவர். நான் பிறகு லண்டனுக்கு அகதியாகப் போனவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டை தீரும்வரை எங்களுக்குள் ஒரே வழக்குத்தான். எந்த அரசாங்கம் பெரிய பொய்யன், அவருடையதா என்னுடையதா? ஏதோ இரண்டு பேருமே அந்த அரசாங்கங்களுக்கு மருமக்கள் மாதிரி.

"மொஸ்கோவிலை பேப்பர் பொய் சொல்லுது எண்டு பேப்பர் விக்கிறவனுக்கே தெரியும். உங்கடை லண்டனிலை வாங்கிறவன் நம்புறான். எது மோசம்?" என்பார்.

"நாங்கள் அரசாங்கத்தை ரோட்டிலை நிண்டு திட்டலாம் அண்ணா."

"திட்டினியள்தானே, ஊர்வலமும் போனியள். ஈராக்குக்குப் போகாமல் விட்டவங்களோ?"

அத்துடன் அட்டை தீர்ந்துவிடும். வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துக் கேட்பாரோ என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் அவருடைய வீடு. மச்சாளின் பெயர் கலினா. மொஸ்கோவில் அண்ணாவோடு ஒரே வகுப்பில் படித்து, அவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். பெரியம்மா முதல் நாளே பெயரைக் கலா என்று சுருக்கிவிட்டார். தமிழும் பெரியம்மாவிடம் பழகியதுதான், ஆகையால் மச்சாளின் யாழ்ப்பாணத் தமிழுக்கு முன்னால் லண்டனில் தேய்ந்துபோன என் தமிழ் கைகட்டி நிற்கவேண்டும்.

போய் நாலாம் நாள் காலை, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த பழைய வகுப்புத் தோழர் ஒருவரைப் பார்க்க அண்ணா வெளிக்கிட்டார். அவர் பாஸ்போர்ட் எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்திருந்தவர். அண்ணா வாசலைத் தாண்டும்போது, குசினிக்குள் நின்ற மச்சாள் யோசிக்காமல் கேட்டுவிட்டார்.

"எங்கையப்பா போறியள்?"

அண்ணா திரும்பி வந்து, கதிரையில் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, பிறகு போனார். வெளிக்கிடுகிற ஆளை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். தெரியவேண்டும் என்றால் 'தூரப் பயணமோ?' என்று வளைத்துக் கேட்கவேண்டும். மச்சாளுக்கு இது புதிதல்ல. ரஷ்யாவிலும் இதே கதைதானாம். 'குதா?', அதாவது 'எங்கே?', என்று கேட்டால் பாதை கெட்டுப்போகும் என்று மச்சாளின் தாயும் ஏசுவாராம். பள்ளிக்கூடத்தில் மட்டும் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று படிப்பித்தார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கே போகிறாய் என்று கேட்காமல் இருப்பது வீடு. கேட்பதுதான் அரசாங்கத்தின் தொழில். சோவியத் அரசாங்கம் கடவுச்சீட்டில் முத்திரை குத்தி, எந்த ஊரில் இருக்கலாம், எங்கே போகலாம் என்று வெளிப்படையாகக் கேட்டது. லண்டனில் ஒருவரும் கேட்பதில்லை. நீல அட்டையை ரயில் வாசலில் தட்டினால் போதும், எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சுதந்திரமாகத் திரிகிறேன் என்று நினைத்துக்கொண்டு திரிகிறேன். இதை அண்ணாவிடம் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

மத்தியானம் தொலைபேசி வந்தது. லொட்ஜைச் சுற்றிவளைத்து, உள்ளே இருந்த எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிப் பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பார்க்க வந்தவர், தங்கியிருந்தவர் என்ற வித்தியாசம் இல்லை. எந்த நிலையம் என்று மட்டும் லொட்ஜ் முதலாளி சொன்னார்.

மச்சாள் அழவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளிறியது. "நான் கேட்டனான் தம்பி. எங்கை எண்டு நான்தான் கேட்டனான்" என்று ஒரே பேச்சு. பொதுவுடைமைப் பாடசாலையில் முதலாம் பிள்ளையாக வந்தவர். அது அப்படி இல்லை என்று எவ்வளவு சொல்லியும் காதில் விழுத்தவில்லை. நேரே கீழே போய், மார்க்கெட்டில் ஏழு தேங்காய் வாங்கி ஒரு பெரிய துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். கொட்டாஞ்சேனைப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் அடிக்கவேணுமாம்.

"மச்சாள், கொட்டாஞ்சேனையிலும் தேங்காய் விக்கிறாங்கள்."

"அங்கை முடிஞ்சிருந்தால்? இருக்கிற இடத்திலை வாங்கவேணும்" என்றார். வரிசையில் நின்று வளர்ந்த நாட்டின் ஆள்.

இனிப் பயண விபரம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றர் அளவில் வரும். பஸ் என்றால் கோட்டையில் மாறவேண்டும், மலிவு. முச்சக்கர வண்டிக்கு நானூறு ரூபா பேசினோம். சாதாரண நாளில் முக்கால் மணித்தியாலம். சோதனைச்சாவடிகள் இருந்தால் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எங்களுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது. வண்டி ஓட்டிய தம்பி ஹற்றன் பக்கத்தவர். "செக்பொயின்ட்ல நீங்க ஒன்னும் பேசாதீங்கம்மா, நான் பேசிக்கிறேன்" என்று முதலே சொல்லிவிட்டார். நல்ல புத்தி. நாங்கள்தான் கேட்கவில்லை.

முதல் சோதனைச்சாவடி பம்பலப்பிட்டியில். அடையாள அட்டை, என் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், பிறகு பையைக் காட்டி "மல்லே மொனவாத?" என்றான் பொலிஸ்காரன். பையில் என்ன? "பொல்" என்றார் மச்சாள். தேங்காய். கையை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். கொள்ளுப்பிட்டி தாண்டி இரண்டாவது சாவடி. அதே கேள்வி, அதே பதில். ஒரு தேங்காயைக் காதோடு வைத்துக் குலுக்கிக்கூடப் பார்த்தார்கள்.

மூன்றாவது சாவடி புறக்கோட்டைக்குள் நுழையும் இடத்தில். மண்மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஆமிக்காரனுக்கு இருபது வயது வந்திருக்காது. குனிந்து உள்ளே பார்த்து, பை பக்கமே போகாமல், "கொஹெத யன்னே?" என்றான். எங்கே போகிறீர்கள்? மச்சாளின் வாயில் முதலிரண்டு சாவடிகளின் பதில் தயாராக இருந்தது.

"மல்லே பொல்" என்றார்.

சிங்களம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 'கொஹெத யன்னே, மல்லே பொல்' என்பது சிங்களத்தில் ஒரு பழமொழி. எங்கே போகிறாய் என்றால் பையில் தேங்காய் என்கிறான் என்று அர்த்தம். நாங்கள் 'பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறான்' என்கிறோமே, அதே சாமான். ஆமியைச் சாவடியில் வைத்து நக்கலடித்த மாதிரி ஆகிவிட்டது. சாரதித் தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் மச்சாளின் வெள்ளை முகத்தைப் பார்த்தான். நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தான். பிறகு பையைத் திறந்தான். உள்ளே உண்மையாகவே தேங்காய். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வெடித்துச் சிரித்து, மற்றப் பக்கம் நின்றவனைக் கூப்பிட்டு "மல்லே பொல்!" என்று காட்டினான். இரண்டு பேரும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பெடியள் மாதிரிச் சிரித்தார்கள். "யன்ன, யன்ன அம்மே" என்று கையை வீசி விட்டார்கள். எனக்கு அந்தப் பெடியனைப் பிடித்துப்போனது. அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனவர்களும் இவன் வயதுப் பெடியளாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைத்தபோது என்மேலேயே கோபம் வந்தது.

கோயில் முன்னால் ஏழு தேங்காயும் சிதறின. வேலை முடிந்த பிறகுதான் நேர்த்தி தீர்ப்பது வழக்கம் என்று மெல்லச் சொன்னேன். "மொஸ்கோவிலை எந்த அரசாங்கக் கந்தோரிலையும் முதல்லை குடுக்கவேணும் தம்பி" என்றார். சொக்லேற் பெட்டி, சிறிய ஆளுக்கு. கொன்யாக் பிராந்தி, பெரிய ஆளுக்கு. பிள்ளையாரை எந்த வகையில் சேர்த்தார் என்று கேட்கப் பயமாக இருந்தது.

பொலிஸ் வாசலில் ஐம்பது, அறுபது பேர் நின்றார்கள். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் கிட்ட வந்து, கொஞ்சம் 'சந்தோசம்' கொடுத்தால் உள்ளே கதைக்கலாம் என்றார். நான் பணப்பையைத் தொட்டேன். மச்சாள் என் கையைத் தட்டிவிட்டார். "வாங்கிறவன் வாசலிலை நிக்கமாட்டான். மேசைக்குப் பின்னாலை இருப்பான். இவன் சும்மா ஆள்." இந்த அறிவு எனக்கு எங்கிருந்து வரும்? லண்டனில் பொலிஸ்காரனுக்கு ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் கொடுத்ததில்லை. அங்கே பெரிய ஆட்கள் ஆலோசனைக் கட்டணம், விருந்து, கட்சிக்கு நன்கொடை என்று பற்றுச்சீட்டோடு செய்கிற காரியம் இது. பற்றுச்சீட்டு இருந்தால் லஞ்சம் இல்லை என்று நானும் கனகாலம் நம்பியிருந்தேன்.

உள்ளே மேசையில் இருந்த அதிகாரி மரியாதையானவர். "மகே மஹத்தயா கொஹெத?" என்று கேட்டார் மச்சாள். என் கணவர் எங்கே? அதிகாரி ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பேச்சே நடத்தினார். இது தமிழ் மக்களின் பாதுகாப்புக்காக, எல்லோரையும் நன்றாகக் கவனிக்கிறோம், தேநீர் கொடுத்திருக்கிறோம். எங்கே என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

"மல்லே பொல்" என்றார் மச்சாள், வாய்க்குள்.

அதிகாரிக்குக் கேட்டது என்று எனக்கு நிச்சயம். பேனையை மேசையில் வைத்து, எங்கள் இருவரையும் பார்த்து, "பின்னேரம் வாங்கோ" என்று தமிழில் சொன்னார்.

பொழுதுபடுகிற நேரம் அண்ணாவும் தோழரும் வெளியே வந்தார்கள். ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள், இன்றுவரை தெரியாது. தேங்காயா, வெள்ளைத் தோலா, வெள்ளவத்தை வீட்டுப் பொலிஸ் பதிவா, அதுவும் தெரியாது. எல்லோரும் வெளியே வரவில்லை. நாங்கள் வண்டியில் ஏறும்போது, மகனுக்குக் கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சலோடு ஒரு தாய் வாசலிலேயே நின்றார். அவரை விட்டுவிட்டு வந்தோம்.

வீட்டில் செய்தி பார்த்தோம். கொட்டாஞ்சேனையில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களுக்குத் தேநீர் என்று படம் காட்டினார்கள். நடுவில் அண்ணா, கையில் கோப்பை.

"உது எனக்குத் தந்ததுதான்" என்றார் அண்ணா. "வாயிலை வைக்க முதல் வாங்கி அடுத்தவனுக்குக் குடுத்திட்டாங்கள். மூண்டே மூண்டு கோப்பைதான் இருந்தது."

மச்சாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொஸ்கோ விடுதியில் வெளிநாட்டு மாணவர்களைப் படம் எடுக்க வந்தவர்கள் அண்ணாவின் கையில் தோடம்பழம் கொடுத்தார்களாம். படம் முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்கினார்களாம். அண்ணா ஒன்றைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்து மச்சாளுக்குக் கொண்டுவந்ததில்தான் காதலே தொடங்கியதாம். என்னிடமும் ஒரு கதை இருந்தது, இவ்வளவு காலமும் சொல்லாமல் வைத்திருந்த கதை. என் அகதி விண்ணப்பத்தை முதல்முறை நிராகரித்த அதே கிழமை, எங்கள் நகரசபை 'எல்லோருக்குமான ஊர்' என்று ஒரு கையேடு வெளியிட்டது. அட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டு நான்.

"அப்ப கோப்பையை உன்னட்டையும் திருப்பி வாங்கினவங்கள்" என்றார் அண்ணா. வழக்கு அத்துடன் முடிந்தது. வெற்றி ஒருவருக்கும் இல்லை. அன்றிரவு அவர்கள் இருவரோடும் அந்தச் சின்ன மேசையில் பாணும் சம்பலும் சாப்பிட்டதுபோல் நான் எங்கும் சந்தோஷமாகச் சாப்பிட்டதில்லை.

இனி வருகிறவர்களுக்கு. பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருங்கள். தங்கும் வீட்டில் உங்கள் பெயரைப் பொலிஸில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். லொட்ஜுகளில் தங்குவதைத் தவிருங்கள். பெரிய பை வேண்டாம். முச்சக்கர வண்டிக்காரர் பேசாதே என்றால் பேசாதீர்கள். சிங்களத்தில் பத்து வசனம் பாடமாக்குங்கள், ஆனால் கேள்வியைக் கேட்ட பிறகு பதிலைச் சொல்லுங்கள். நாட்டில் இருக்கிற ஆட்களிடம் எந்த வல்லரசு நல்லது என்று வழக்குப் பேசாதீர்கள். அவர்களுக்கு வீட்டுக்கு ஆள் திரும்பி வந்தால் போதும்.

அடுத்த நாள் காலை அண்ணா செருப்பை மாட்டினார். மச்சாள் கதவடியில் நின்றார். உதட்டை இறுக்கிக்கொண்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் நின்றார். அண்ணா அதைப் பார்த்தார். நாலு படி இறங்கி, நின்று, திரும்பி, வெறும் பையைத் தூக்கிக் காட்டி, "மல்லே பொல்!" என்று கத்தினார். மச்சாள் சிரித்தார். அண்ணா கண்ணுக்கு மறைந்ததும் அழுதார்.

அரை மணித்தியாலத்தில் அண்ணா படியேறி வந்தார். பையில் பாண், பேப்பர், அதற்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்.

"பாரும், நான் அரசாங்கம் இல்லை" என்றார். "சொன்னதைக் கொண்டுவந்தனான்."