அளத்தடிக்குச் சொன்ன முதல் வாக்கு

பூமிக்கு எத்தனை பெயர்கள் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். நிற்பதால் நிலம். ஞாலுவதால், அதாவது தொங்குவதால், ஞாலம். அன்னவாசல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் நடத்தினால், ஒரே பூமி எப்படி சார் நிற்கும், தொங்கவும் செய்யும் என்று வருஷத்துக்கு ஒருத்தியாவது கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். தமிழ் வாத்தியாருக்கு அவ்வளவு பெருமை!

என் தங்கச்சி ஆவுடையார்கோவில் பக்கம் வாக்கப்பட்டவள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. ஒரு மாச லீவில் வந்தவர் வீடு கட்ட இடம் பார்த்தார். வீடு முடிந்ததும் ஊரோடு வந்துவிடுவதாகப் பேச்சு. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இடம் வாங்கினாலும் பெண் எடுத்தாலும் கூடப்பிறந்தவன் வாயால் முதல் வாக்கு கேட்பார்கள். அது நல்ல வாக்காக இருக்க வேண்டும்.

தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, ரோட்டுமேல எடம். அளத்தடின்னு சொல்றாங்க. அப்படின்னா என்னண்ணே? நீங்க சொன்னாத்தான் மேக்கொண்டு பேசுவோம்."

உப்பளம் என்றால் யாருக்கும் புரியும். அளம் என்று தனியாக நின்றால் வெறும் பேராகிவிடும். உப்பு மண் என்று கண்டவர்கள் வைத்த பேர் அது. எனக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஆனால் அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். முதல் வார்த்தையே வேண்டாம் என்றால், நல்ல காரியத்துக்கு ஆகாத வாய் என்ற பேர் வருமே என்று பயந்தேன்.

"ஏதோ பழைய பேரு தாயி. நல்லா வரும், வாங்குங்க" என்றேன்.

ஒரு நாள் பஸ் ஏறிப் போய், ஒரு பிடி மண்ணைத் தண்ணீரில் கரைத்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம். பாவி, அதைக்கூடச் செய்யவில்லை.

வீடு கட்டி நாலு வருஷம் ஆகிறது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. வைத்த தென்னங்கன்றெல்லாம் கருகிவிட்டது. போர் தண்ணீரில் பருப்பு வேகாது. பூசப் பூச உதிர்கிற வீட்டுக்குப் பணம் அனுப்பி அனுப்பியே மாப்பிள்ளை இன்னும் சிங்கப்பூரில் கிடக்கிறார். பிள்ளைகள் அவரை போனில்தான் பார்க்கிறார்கள்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். தங்கச்சி சுவரோரம் காரையைக் கூட்டிக்கொண்டே கேட்டாள்.

"அளம்னா உப்புன்னு இப்பத்தான் பக்கத்து வீட்டுல சொன்னாங்க. ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமாண்ணே?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியாது தாயி."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அதானே! அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாமயா இருப்பாங்கன்னு இவருகிட்ட போன்ல பெரிய சண்டையே போட்டேன். பத்து நாளாப் பேசலண்ணே."

துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, எனக்குக் காப்பி போட உள்ளே போனாள்.