பழைய காசும் ஐம்பொன் மோதிரமும்

பழைய காசு தேடுகிறவர்கள் சுத்தமான வயலைத்தான் விரும்புவார்கள். எனக்கு வாய்த்தது ஜெர்மனியில் ஹனோவருக்கு வெளியே ஒரு மாட்டுப்பண்ணையின் புல்வெளி. அந்த ஊர்த் திருவிழாவின் கூடாரத்தைத் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் அடித்தார்களாம். பியர் போத்தல் மூடி, தகரப் பேணி திறக்கிற வளையம், சிகரெட் பெட்டி வெள்ளித்தாள், கூடாரத்து ஆணி, கம்பித்துண்டு எல்லாம் மண்ணுக்குள் கிடந்தன. உலோகம் தேடுகிற மெஷினைத் தரைக்குக் கிட்டக் கொண்டுபோனால் வாய் ஓயாமல் கத்தும். முன்பு வந்தவர்கள் ஒரே நாளில் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அந்தப் புண்ணியத்தில் இடம் எனக்குக் கிடைத்தது.

இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. நடக்கச் சொன்னார் வைத்தியர். காரணமில்லாமல் நடக்க எனக்கு வராது. மெஷின் வாங்கினேன், தொல்பொருள் அலுவலகத்தில் அனுமதியும் எடுத்தேன். மனைவி அதற்குத் தும்புத்தடி என்று பெயர் வைத்தாள். "வீட்டை ஒருநாள் கூட்டினதில்லை. இப்ப வெள்ளைக்காரன்ர காணியைக் கூட்டப் போறியள்" என்றாள்.

பண்ணைக்காரி என் வயதுப் பெண். அதிகம் பேசமாட்டார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். காசோ குப்பையோ, சத்தம் போடுகிற எல்லாவற்றையும் தோண்டி எடுத்து அவருடைய வாளியில் போட்டு, மாலையில் கொட்டகைப் பீப்பாயில் கொட்ட வேண்டும். மாடு புல்லோடு சேர்த்துக் கம்பியையும் விழுங்கிவிடுமாம். கம்பி வயிற்றைத் துளைத்து இதயம் வரைக்கும் போய்விடும், போன வருஷம் ஒரு பசுவை அப்படித்தான் பறிகொடுத்தேன் என்றார். இதயம் என்றதும் என் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

இரும்புக்குக் கத்தாதபடி மெஷினை வைத்துக்கொள்ளலாம். பலரும் அப்படித்தான் செய்வார்கள். நான் செய்யவில்லை. மாட்டுக்காக என்று சொன்னால் அரைவாசிதான் உண்மை. ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கிற காசின் சத்தத்தை ஆணி விழுங்கிவிடும். ஆணியை எடுத்தால்தான் காசு வாய் திறக்கும்.

முதல் நாளே மானம் போனது. வலது கையில் குழிக்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கருவி, இடது கை மண்ணைத் துழாவுகிறது. கருவி விடாமல் கத்துகிறது. பெரிய புதையல்தான் என்று முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிவிட்டேன். பண்ணைக்காரி வந்து எட்டிப் பார்த்து, "யாரைப் புதைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். பிறகு என் இடது கை விரலைக் காட்டினார். கருவி கத்தியதெல்லாம் என் ஐம்பொன் மோதிரத்துக்கு.

அந்த மோதிரம் சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் மனைவி கோயிலில் பூசைக்கு வைத்து எடுத்து வந்து போட்டது. உலோகம் ஒன்றும் உடம்பில் இருக்கக்கூடாது என்று தாதி சொல்ல, இவள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் மன்றாடினாள். கடைசியில் தாதி அதைக் கட்டில் தலைமாட்டில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டார். நான் கண் விழித்ததும் திரும்ப மாட்டிவிட்டு, இனிக் கழற்றவே கூடாது என்றாள். நான் பிழைத்தது மோதிரத்தாலா வைத்தியராலா என்று அவளோடு வாதாட எனக்குத் துணிவில்லை.

ஆனால் மண்ணில் கை வைக்க வேண்டுமே. புல்வெளிக்குப் போனால் அதைக் கழற்றி, கையுறை வைக்கிற அதே ஜாக்கெட் பையில் போடத் தொடங்கினேன். வசந்தம் பிறந்து, மாடுகளை வெளியே விட ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு மாலை பையில் கை விட்டேன். மோதிரம் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் ஏசவில்லை. கதிரையில் இருந்துவிட்டாள். "நாளைக்கு நானும் வாறன்" என்றாள்.

மாடு இறங்கிவிட்டால் இலையுதிர்காலம் வரை அங்கே கால் வைக்க ஏலாது. அதற்குள் மோதிரம் சேற்றுக்குள் மிதிபட்டுவிடும். அந்த வாரம் முழுக்க நான் மெஷின் பிடித்தேன், அவள் தேத்தண்ணிப் போத்தலும் வாளியுமாகப் பின்னால் வந்தாள். தோண்டியது எல்லாம் மூடி, தாள், ஆணி. ஓரிடத்தில் இரும்புச் சத்தம்தான், விடுவோம் என்றேன். "இதையும் கிண்டுங்கோ" என்றாள். ஆணி வந்தது. அதே குழியில் மெஷின் இன்னொரு குரலில் கத்தியது. ஜெர்மன் பேரரசர் கைசர் காலத்து வெள்ளிக்காசு ஒன்று, கழுகுச் சின்னத்தோடு. அப்படி ஒன்றுக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். இருவரும் அதைப் பார்த்தோம். "மோதிரமில்லை" என்றாள். அவ்வளவுதான். காசை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு அடுத்த அடி வைத்தோம்.

கடைசி நாள் காசைப் பண்ணைக்காரியிடம் கொடுத்தேன். அவருடைய நிலம், அவருக்கும் பங்கு உண்டு. மோதிரக் கதையையும் சொன்னேன்.

அடுத்த நாள் காலை தொலைபேசியில் கூப்பிட்டு, வாருங்கள் என்றார். போனோம். கொட்டகைத் தரையில் எங்கள் குப்பை முழுவதையும் கொட்டிப் பரப்பியிருந்தார். காந்தத்தால் இரும்பையெல்லாம் இழுத்து ஒரு பக்கம் குவித்துவிட்டு, மிச்சத்தைக் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார். ஒரு முட்டைப் பெட்டியை நீட்டினார். ஒரு குழியில் வெள்ளிக்காசு, பக்கத்துக் குழியில் கழுவித் துடைத்த மோதிரம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. துண்டு துணுக்கு வயலில் விழக்கூடாது என்று கையுறையை எப்போதும் வாளிக்கு மேல்தான் உதறுவேன். பையில் கிடந்த கையுறைக்குள் புகுந்திருந்த மோதிரம், தொலைந்த அன்றே வாளிக்குள் விழுந்துவிட்டது. அது கொட்டகைக் குப்பைக்குள் கிடக்க, நாங்கள் ஒரு வாரமாக வயலைச் சல்லடை போட்டிருக்கிறோம். மனைவி பண்ணைக்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தமிழில் ஏதேதோ சொன்னாள். அவரும் தலையாட்டினார். பிறகு கம்பிக் குவியலைக் காட்டி, "இவ்வளவும் என் மாடுகளின் வயிற்றுக்குள் போயிருக்கும். நன்றி நான்தான் சொல்ல வேண்டும்" என்றார். அன்று மத்தியானம் மாடுகள் புல்வெளியில் துள்ளிக் குதித்து இறங்கியதை வேலியோரம் நின்று மூவரும் பார்த்தோம்.

திரும்பும் வழியில் மெதுவாகக் கேட்டேன், வயலுக்குப் போகும்போது மட்டும் மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டுமா, விரலில் இருந்தால் கருவி கத்துமே என்று.

"கத்தட்டும்" என்றாள். "நீங்கள் இருக்கிறியள் எண்டுதானே கத்துது."