தொட்டிக்குக் கீழே இருக்கும் வீடு

வேறு தேசத்துக் குளியலறைச் சுவர் ஒன்றின் விரிசலைக் கணினியில் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சிறுசேரியில் எனக்கு அதுதான் வேலை. குளிர்நாட்டில் யாரோ ஒரு பழைய அரசுக் குடியிருப்பைப் படம் பிடித்து அனுப்புவார்கள். இடிக்காமல் செப்பனிடுவதற்காக, கெட்டது எது, நல்லது எது என்று நிறம் பிரித்து வரைபடம் போட்டு நாங்கள் திருப்பி அனுப்புவோம். நான் குடியிருப்பதோ கிழக்குத் தாம்பரத்தில், குடிசை மாற்று வாரியம் எப்போதோ கட்டிய மூன்று மாடி பிளாக்கில். முந்தின நாள்தான் எங்கள் சமையலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து குழம்புச் சட்டியில் விழுந்திருந்தது. ஊரான் சுவருக்கு இவ்வளவு மெனக்கெடுகிறோமே, நம்ம சுவருக்கு ஏன் வரையக் கூடாது?

அவசரமும் இருந்தது. இரண்டு வாரம் முன்பு வாரியத்துப் பொறியாளர் வந்து, எங்களுக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் இருக்கும் தையல்கார அக்கா வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்து, ஒரு கோலால் தட்டினார். “வயசாயிடுச்சும்மா. இடிக்கச் சொல்லித்தான் எழுதணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் பிழைப்பே அந்த ஒற்றை அறைதான். பள்ளிச் சீருடை, பள்ளிவாசல் தெரு நிக்காஹ் உடுப்பு, மீன் விற்கிறவர்களின் உள்பாக்கெட் ரவிக்கை எல்லாம் சுற்றி நாலு தெருவிலிருந்து வருவது. “இடிச்சுட்டுப் பெரும்பாக்கத்துல கொண்டுபோய்ப் போட்டா, ஒரு ரவிக்கைக்காக யாரும்மா அவ்ளோ தூரம் வருவாங்க?” என்று அக்கா கேட்டார்.

ஆபீஸில் ஒருவரிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கினேன். மாடிப்படி அடியில் நோட்டீஸ் ஒட்டினேன்: ‘ஞாயிறு காலை எல்லா வீடுகளிலும் போட்டோ எடுக்கப்படும்.’

ஞாயிற்றுக்கிழமை போனால், பிளாக் முழுக்கச் சுண்ணாம்பு வாசம். ஈரக்கறை இருந்த இடத்திலெல்லாம் புது வெள்ளை. ஒரு வீட்டில் விரிசலை மறைத்துப் பீரோ நின்றது, இன்னொன்றில் மூன்று காலண்டர். அக்கா வீட்டில் சுவர் பச்சைப் பசேலென்று மின்னியது. பிள்ளைகள் பெருநாள் உடுப்பில் வரிசையாக நின்றார்கள். எனக்கு சேமியா பாயசம் வேறு.

“என்னக்கா இது? அந்தக் கறையைத்தானே எடுக்க வந்தேன்!”

“போட்டோ எடுக்க வர்றேன்னா சுவரை அழுக்காவா வச்சிருப்பாங்க?”

பக்கத்து வீட்டு மீன்கார அக்கா வாசலில் நின்று சிரித்தார். “கம்ப்யூட்டரு படிச்ச பொண்ணு, ஒரு நோட்டீஸு எழுதத் தெர்ல. இன்னாத்துக்கு போட்டோன்னு ஒரு வரி போட்டா கை தேஞ்சிடுமா? நானு வூட்டுக்காரருக்கு ஷேவிங்லாம் பண்ணி வுட்டு உக்கார வச்சிக்கீறேன்!”

தப்பு என்னுடையதுதான். அடித்த வெள்ளையைச் சுரண்டவா முடியும்? என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துத் தையல்கார அக்கா பேச்சை மாற்ற ஆல்பத்தை எடுத்து வந்தார். மகளின் பிறந்தநாள் படங்கள். கேக், தொப்பி, பலூன். பலூனுக்குப் பின்னால் சுவர். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. அடுத்த வருஷப் பிறந்தநாளில் அது ஜன்னல் வரை வந்திருந்தது. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஆரஞ்சு நிறத்தில் தேதி.

பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அன்றைக்குள் பிளாக்கில் இருந்த ஆல்பம் அத்தனையும் என் மடிக்கு வந்துவிட்டது. வளைகாப்பு, காதுகுத்து, நிச்சயதார்த்தம், எது வைத்தாலும் பின்னால் ஒரு சுவர் இருக்கத்தானே செய்யும்! எல்லாவற்றையும் கேமராவில் பிடித்து, வருஷத்துக்கு ஒரு நிறமாக வரைபடத்தில் ஏற்றினேன். கறை மேலிருந்து கீழே, ஒரே வரிசை வீடுகளில்தான் இறங்கியிருந்தது. மற்ற வரிசைகளில் பேருக்குக் கொஞ்சம் மயிரிழை விரிசல், அவ்வளவுதான். கட்டடத்துக்கு வயதாகியிருந்தால் எல்லாப் பக்கமும் அல்லவா ஆகியிருக்க வேண்டும்?

கறை தொடங்கின வருஷத்துப் படம் ஒன்றில் பிளாக்கே மொட்டைமாடியில் நின்றது. நடுவில், மாலையும் சந்தனமும் குங்குமமுமாக, அன்று வந்திறங்கிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. மேலே ஏறிப் பார்த்தேன்: அதன் பாரத்தில் மாடித் தரையில் பதித்த தட்டை ஓடுகள் நொறுங்கி, வழிகிற தண்ணீர் இத்தனை காலமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

“தொட்டியை ஏன்க்கா உங்க வீட்டுக்கு மேல வச்சாங்க?”

“மத்த மேல்வீட்டுக்காரங்க யாரும் ஒத்துக்கல. தண்ணி விழுற சத்தம் கேக்குமாம். எனக்கு எப்பவும் மெஷின் சத்தம்தானே, என் தலைமேல வைங்கன்னு நான்தான் சொன்னேன்.”



வரைபடத்தைப் பொறியாளரிடம் கொண்டு போனேன். விரட்டிவிடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிறந்தநாளாகப் பார்த்தார். “கூரைக் கம்பி அவ்வளவா துருப்பிடிக்கல, அன்னைக்கே தட்டிப் பார்த்தேன். ஆனா தொட்டிதான் காரணம்னு போட்டோ மட்டும் பத்தாதும்மா. அந்த இடத்தைச் சரிபண்ணித் தண்ணி கட்டிக் காட்டுங்க. ஒரு நாள் ஒழுகாம நின்னா, ரிப்பேர்னு எழுதறேன்.”

பிளாக் ஆண்கள் எட்டுப் பேர் சேர்ந்து தொட்டியை மாடிப்படி அறைக்கு மேலே மாற்றிவிட்டார்கள். அங்கே பாரம் சுவரில் இறங்கும். உடையாத தட்டை ஓடுகளைப் பெயர்த்துக் கழுவி மறுபடியும் பதித்தோம். உடைந்ததற்கு மட்டும் புதுசு. மேலே வெயிலுக்கு இரண்டு கை சுண்ணாம்பு. பூச்சு இறுகிக்கொண்டிருக்கிறது.

வருகிற ஞாயிறு காலை வடிகால் துளையை அடைத்து, மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டப்போகிறோம். நான் கீழே அக்காவின் அறையில், மணிக்கு ஒரு படமாகக் கூரையை எடுத்துக்கொண்டிருப்பேன். தைக்கக் கொடுத்த துணிகளை அன்றைக்கு மட்டும் எங்கள் வீட்டில் வைக்கச் சொன்னேன். அக்கா யோசித்துவிட்டு, கல்யாணத் துணிகளை மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்; மற்றதெல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேயே இருக்கட்டுமாம்.