துரைக்காக ஆடிய கிரிக்கெட்

கிராணி வேலை என்றால் எஸ்டேட் ஆபீஸில் உட்கார்ந்து வேலைக்கு வந்தவர்களின் பேர் பதிவதுதான் என்று நம்பிச் சேர்ந்தவன் நான். துரையின் ஆசைகளையும் அதே சம்பளத்துக்குள் சுமக்க வேண்டும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. மேலதிகாரிக்குக் கீழே வேலை பார்த்த உங்களுக்கு இந்தப் பாடு புரியும்.

திடலுக்கு வந்த ஆபத்து

இந்தியா முதல் தடவையாக உலகக் கோப்பையை வென்ற வருஷம், மலேசியாவில் சிரம்பானுக்குத் தெற்கே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தின் துரைக்குக் கிரிக்கெட் பித்துப் பிடித்தது. ஆட்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் இருந்த கால்பந்துத் திடலில் செம்பனை நடுவதாக அப்போது பேச்சு. சிரம்பான் ஆட்களோடு ஒரு கிரிக்கெட் மேட்ச் ஒழுங்காக ஆடிக் காட்டினால் திடலை விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் கன்று நடுவேன் என்றார் துரை. பள்ளியில் கொஞ்சம் ஆடியவன் என்பதால் கற்றுக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கால்பந்து டீமின் தலைவன் மாரிமுத்து, பால் எடுக்க ரப்பர் மரம் சீவுகிறவன். மறுநாளே ஆட்களோடு வந்து நின்றான். “பந்து உதைக்க எடம் வேணும்னா கட்டையாலயும் அடிக்கிறோம் லா. நீங்க சொல்லிக் குடுங்கய்யா.”

வட்டமாக ஓடியவன்

இரண்டு பக்கமும் மும்மூன்று குச்சி. ஒருவன் பந்து வீசுவான், எதிரே நிற்பவன் குச்சியில் படாமல் அடிப்பான். அடித்துவிட்டு அந்தப் பக்கம் ஓடிச் சேர்ந்தால் ஒரு ரன். ஆறு பந்து வீசினால் ஓர் ஓவர். இதை விளக்கி முடித்து நிமிர்ந்தபோது எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பியது என் தப்பு.

மாரிமுத்து முதல் பந்தையே வெளுத்தான். அடித்த கையோடு கட்டையை வீசி எறிந்துவிட்டுத் திடலைச் சுற்றி ஓடினான். எல்லாரும் பள்ளிக்கூடத்தில் ரவுண்டர்ஸ் ஆடி வளர்ந்தவர்கள். அதில் அப்படித்தான் ஓட வேண்டும். அவன் மூச்சிரைக்க வந்து நிற்பதற்குள் குச்சியைச் சாய்த்துவிட்டார்கள். அவுட் என்றேன். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “முழு ரவுண்டு ஓடியாந்தவன் அவுட்டு, பாதி தூரம் ஓடுறவனுக்கு ரன்னா? நியாயமா பேசுங்கய்யா.”

அஞ்சலையின் கேள்வி

மாரிமுத்துவின் மனைவி அஞ்சலையும் மரம் சீவுகிறவள்தான். துரை இப்படி ஆடுவதற்குக் காரணமான உலகக் கோப்பை என்னவென்று கேட்டாள். நாலு வருஷத்துக்கு ஒரு தரம் எட்டு நாடுகள் கூடும், இரண்டு பிரிவாகப் பிரிந்து மோதும், மேலே வரும் நாலு நாடுகளுக்கு அரையிறுதி, அதில் ஜெயித்த இரண்டும் கோப்பைக்கு ஆடும் என்றேன். ஒரு பக்கத்துக்கு அறுபது ஓவர், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஆட்டம் என்றும் சொன்னேன்.

மலேசியா ஆடுகிறதா என்றாள். இல்லை என்றேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டாள். “அப்ப யாரு ஜெயிச்சாலும் நமக்கு லீவு கெடையாது. இதுக்கா இம்புட்டு நேரம் நிக்க வச்சீங்க?”

மேகம் கருத்தபோது

மேட்ச் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அந்த வாரம் மழையில் வேலை கெட்டிருந்ததால் அன்றும் மரம் சீவச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் விடியலில் சீவிவிட்டு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் இறங்கும் நேரத்தில் ஆட வந்தார்கள். சிரம்பான் ஆட்கள் வெள்ளை உடுப்பில் வந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் மோசமில்லை. காலால் என்றாலும் பந்தைத் தடுத்தோம்.

திடீரென்று மம்பாவ் ஊர்ப் பக்கம் வானம் கருத்தது. மாரிமுத்து மேலே பார்த்தான். அடுத்த நிமிஷம் எங்கள் பதினொரு பேரும் தோட்டத்துக்குள் ஓடிவிட்டார்கள். மழைத்தண்ணீர் விழுந்தால் மங்கிலுள்ள பால் அவ்வளவும் பாழ். கட்டையோடு நின்ற சிரம்பான்காரர்கள் விழித்தார்கள். திடல் போச்சு, செம்பனை வந்தாச்சு என்று துரை பக்கம் திரும்பவே பயந்தேன்.

மழை கொட்டியது. நனைந்துகொண்டே ஆட்கள் நிறைந்த வாளிகளோடு ஸ்டோருக்கு வந்தார்கள். துரை ஒவ்வொரு வாளியாக எட்டிப் பார்த்தார். பிறகு என் தோளில் தட்டினார். “மழைக்கு ஆட்டத்தை நிறுத்துறது கிரிக்கெட்ல சட்டம்தான், கிராணி. மழை வர்றதுக்கு முந்தியே நிறுத்தின டீமை இன்னைக்குத்தான் பாக்குறேன். திடல் அவங்களுக்கே இருக்கட்டும்.”

மறுநாளிலிருந்து அந்தத் திடலில் கால்பந்தைத் தவிர வேறெதுவும் உருளவில்லை, நானும் நிம்மதியாகப் பேர் பதியப் போய்விட்டேன்.